பனிப்புயலில் ‘ஒரு நிமிஷம்தானே’

ஆகஸ்ட் மாதத்தில் ரொறன்ரோ வந்து இறங்கிய என் ஒன்றுவிட்ட தம்பி, தன் முதல் குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை ஃபோன் எடுத்தான். “அண்ணை, ஃபோனில பனிப்புயல் எச்சரிக்கை எண்டு வருது. வெளியால பாத்தா ஒண்டும் இல்லை. வேலைக்குப் போகட்டோ?”

நானும் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். சாம்பல் நிற வானம். மரக்கிளை அசையவில்லை. தெருவோரம் போன கிழமை விழுந்த பனி அழுக்காகக் கிடந்தது. அவன் சொன்னது சரிதான், ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரம் கழித்து அதே ஜன்னலில் நின்றபோது எதிர்வீட்டு வாசல் விளக்கைக் காணவில்லை. வீட்டையே காணவில்லை.

நல்லகாலம், அவன் போகவில்லை. ஆனால் “ஏன் போகக்கூடாது?” என்று அவன் கேட்டதற்கு ஃபோனில் ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வானிலை படித்தவன் இல்லை. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருபது குளிர்காலத்துக்கு மேல் பார்த்தவன், அவற்றில் சிலவற்றில் முட்டாள்தனமும் செய்தவன்.

கொட்டுவது பாதி, வீசுவது பாதி

பனிப்புயல் என்றதும் வானத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் பனி கொட்டுவதுதான் மனதில் வரும். வானிலைக்காரர்களின் கணக்கு வேறு. கனடாவில் பொதுவாகக் காற்று மணிக்கு 40 கி.மீ. அல்லது அதற்கு மேல் வீச வேண்டும். பனியால் பார்வைத் தூரம் 400 மீட்டராகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்க வேண்டும். இந்த நிலை குறைந்தது 4 மணி நேரம் நீடிக்க வேண்டும். அமெரிக்காவில் காற்று 56 கி.மீ., நேரம் 3 மணி. எத்தனை சென்டிமீட்டர் பனி விழவேண்டும் என்று இரண்டு வரையறையிலும் ஒரு சொல் கிடையாது. வானத்திலிருந்து ஒரு துளி விழாமலே பனிப்புயல் அடிக்கலாம். தரையில் ஏற்கெனவே கிடப்பதைக் காற்று கிளப்பிவிட்டால் போதும்.

இங்கிருந்து இரண்டு மணி நேரக் கார் ஓட்டத்தில், எல்லைக்கு அப்பால் இருக்கும் பஃபலோ நகரத்துக்காரர்களுக்கு இது பாடமாகத் தெரியும். 1976 டிசம்பரிலேயே ஈரி ஏரி உறைந்துவிட்டது. உறைந்த ஏரியின் மேல் வாரக்கணக்கில் விழுந்த பனி பொடியாகக் குவிந்து கிடந்தது. 1977 ஜனவரி 28 அன்று புயல் தொடங்கியபோது வானத்திலிருந்து புதிதாக விழுந்தது பெரிய அளவில்லை, அந்த நாட்கள் முழுவதற்கும் ஒரு அடி அளவுதான். ஆனால் மணிக்கு 110 கி.மீ. வரை பாய்ந்த காற்று ஏரியில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டுவந்து ஊரின் தலையில் கொட்டியது. 29 பேர் இறந்தார்கள். அவர்களில் 9 பேரின் உடல்கள் பனிக்குள் புதைந்த கார்களில் கிடைத்தன.

பார்வை சுருங்குவது என்றால் மூடுபனி போல என்று நினைக்கவேண்டாம். அரிதட்டில் மா அரிக்கும்போது எழும் தூசிக்குள் முகத்தை வைத்துப் பாருங்கள், அதுதான். மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை, தொடுவானம் இல்லை, நிழல் இல்லை. வீதி எங்கே முடிந்து பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது. பத்தடி நடப்பதற்குள் திசை போய்விடும். சமவெளி மாகாணங்களில் அந்தக் காலக் கமக்காரர்கள் வீட்டுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவே கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டுதான் புயலில் மாடு பார்க்கப் போவார்களாம். சொந்த முற்றத்தில் வழி தவறிச் செத்தவர்கள் இருந்ததால் வந்த பழக்கம் அது.

புயல் வருமுன் வெளியே ஒன்றும் தெரியாமல் இருப்பதும் புதிதில்லை. 1888 ஜனவரி 12 அன்று அமெரிக்காவின் டகோட்டா, நெப்ராஸ்கா சமவெளிகளில் காலை இதமாக விடிந்தது. பிள்ளைகள் மெல்லிய உடுப்போடு பள்ளிக்கூடம் போனார்கள். பகலில் புயல் திடீரென்று சுவர் போல வந்து மோதியது. அன்று 235 பேர் இறந்ததாகக் கணக்கு. பள்ளியிலிருந்து வீட்டுக்குப் புறப்பட்ட பிள்ளைகள் அதில் பலர். அவர்களுக்கு எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச்சேர வழி இருக்கவில்லை. நமக்குச் சட்டைப்பையில் ஃபோன் கத்துகிறது, நாம் ஜன்னலைப் பார்த்துவிட்டு ஃபோனை நம்பாமல் விடுகிறோம்.

ஃபோனில் வரும் எண்களில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்கவேண்டும்: காற்றோடு சேர்த்துக் கணக்கிடும் குளிர். உடம்பைச் சுற்றி நம் சொந்தச் சூட்டில் ஒரு மெல்லிய காற்றுப் படலம் எப்போதும் இருக்கும். காற்று அதைத் துடைத்துக்கொண்டே போனால், உடம்பு மறுபடி மறுபடி சூடாக்கிச் சலித்துப்போகும். சூடான தேத்தண்ணியை ஊதி ஆற்றுவதும் இதே சூத்திரம்தான். வெப்பமானி மைனஸ் 20 காட்டும்போது காற்று 30 கி.மீ. வேகத்தில் வீசினால், தோலுக்கு அது மைனஸ் 33. அந்த அளவில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கும். மைனஸ் 40ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம். இது உயிருள்ள உடம்புக்கான கணக்கு. வெளியே நிற்கும் கார் எவ்வளவு காற்று அடித்தாலும் மைனஸ் 20க்குக் கீழே போகாது.

பஃபலோ, 2022 கிறிஸ்மஸ்

அதே பஃபலோவுக்கு 45 வருடம் கழித்து இன்னொரு புயல் வந்தது. இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது: அந்தப் புயல் யாரையும் ஏமாற்றவில்லை. நாட்கணக்கில் முன்பே சொல்லிவிட்டார்கள். ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் புயல் என்றே தேசிய வானிலைச் சேவை எழுதியது. டிசம்பர் 23 வெள்ளிக்கிழமை காலை தொடங்கி 37 மணி நேரம் விடாமல் பனிப்புயல் நிலை நீடித்தது. விமான நிலையத்தில் நான்கு நாளில் விழுந்த பனி 130 செ.மீ.க்கு மேல். நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலுமாக 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

எப்படி இறந்தார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். சிலர் வீதியில், நடந்துகொண்டிருந்த இடத்தில். சிலர் நின்றுபோன காருக்குள். சிலர் சூடில்லாத சொந்த வீட்டுக்குள். சிலர் பனி அள்ளும்போது மாரடைப்பில். இன்னும் சிலர், கூப்பிட்ட அம்புலன்ஸ் வந்துசேராததால். இந்தக் கடைசியைக் கவனியுங்கள். தீயணைப்பு வண்டி, பொலிஸ் வண்டி, பனி தள்ளும் கனரக வண்டி எல்லாமே அன்று வீதியில் புதைந்து நின்றன. அவசர உதவிக்கான 911 எண்ணை எடுப்பார்கள், யாராலும் வர முடியாது. நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே கூப்பிட்டால் ஆள் வரும் என்ற நம்பிக்கை சீக்கிரமே பழகிப்போய்விடுகிறது. நல்ல நம்பிக்கைதான், ஆனால் அதற்கு வீதி வேண்டும்.

வாகனத் தடை அறிவிப்பு அன்று காலைதான் வந்தது, அதற்குள் எத்தனையோ பேர் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இது பிறகு பெரிய விமர்சனமானது. நான் அரசாங்கத்தைக் காவல் காத்துப் பேசவில்லை, ஆனால் வீட்டை விட்டு வெளியே போகவேண்டாம் என்று அரசாங்கம் சொல்லும்வரை காத்திருப்பது சரியான திட்டம் இல்லை. மணித்தியாலக் கூலிக்கு வேலை செய்யும் புதியவருக்கு ஒரு நாள் சம்பளம் பெரிய காசு. அதை நான் அறியாதவன் இல்லை. முதல் வருடம் நானும் ஒரு புயல் நாளில் சம்பளத்துக்குப் பயந்து பஸ் தரிப்பில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். பஸ் வரவில்லை. இடது காதின் மேல் விளிம்பு இன்றைக்கும் குளிர் தொட்டால் ஊசி குத்துவது போல வலிக்கும். எச்சரிக்கை வந்த முதல் நாள் இரவே மேலாளருக்குக் குறுஞ்செய்தி போட்டுவிடுங்கள். புயல் நாளில் விடியக் காலை கெஞ்சுவதைவிட அது சுலபம்.

காரில் அகப்பட்டால்

போகத்தான் வேண்டும் என்றால், போகும் வழியையும் சேரும் நேரத்தையும் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். காஸ், அதாவது பெட்ரோல், அரை டாங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். குளிர்கால டயர் போட்டிருக்கவேண்டும். சாதாரண டயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே போனாலே இறுகத் தொடங்கி வீதியைப் பிடிக்காது. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம். ரொறன்ரோப் பக்கம் கட்டாயம் இல்லை என்பதால் நம்மவர்கள் மிச்சம் பிடிக்கிற முதல் காசு அதுவாக இருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிதானே என்பார்கள். அது கிளம்ப உதவும், நிறுத்த உதவாது.

இனி, வண்டி பனிக்குள் மாட்டி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் இருக்கிறீர்கள், வெளியே வெள்ளை. தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது போல இருந்தது. இந்த இடத்தில் ஆட்கள் கதவைத் திறந்து இறங்குகிறார்கள்.

இறங்காதீர்கள். கார் ஒரு தகரப் பெட்டிதான், ஆனால் காற்றைத் தடுக்கும் பெட்டி. தேடி வருபவர்கள் கண்ணில் மனிதனைவிடச் சுலபமாகப் படும் பெட்டி. அந்த வெளிச்சம் கால் கிலோமீட்டரில் இருக்கலாம், இரண்டு கிலோமீட்டரிலும் இருக்கலாம், அதைச் சொல்லும் சக்தி கண்ணுக்கு அப்போது இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் கட்டடம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் விதிவிலக்கு.

உள்ளே இருப்பதென்று முடிவெடுத்த பிறகு செய்யவேண்டியவற்றில் ஒன்றுதான் உயிர் விஷயம்: புகைக்குழாய். பின்பக்கம் இருக்கும் அந்தக் குழாய் வாயைப் பனி அடைத்துவிட்டால், எஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்சைடு வெளியே போக வழியில்லாமல் காருக்குள் வரும். அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ஹீட்டர் சூட்டில் கண் சொருகுவது போலத்தான் இருக்கும். எஞ்சினை இயக்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் இறங்கி, ஒரு கையால் காரைத் தொட்டபடியே பின்னால் போய்க் குழாயைச் சுற்றித் தோண்டிவிட்டு வாருங்கள். பிறகு ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிடுங்கள், காற்று வீசாத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கிவைத்து. 10 நிமிடம் போதுமா என்று தோன்றும். நிறுத்தாமல் ஓடவிட்டால் நடுராத்திரிக்குள் காஸ் தீர்ந்து, விடியும்வரை ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள்.

கண்ணாடியிலோ அன்டெனாவிலோ பளிச்சென்ற நிறத்தில் ஒரு துணியைக் கட்டுங்கள். கால் கைகளை அசைத்துக்கொண்டே இருங்கள். பின்பெட்டியில் நவம்பரிலிருந்தே கிடக்கவேண்டியவை: ஒரு கம்பளி, சிறிய பனி மண்வெட்டி, டோர்ச், ஃபோன் சார்ஜர், பனியில் சறுக்கும் சக்கரத்துக்கு அடியில் போட ஒரு பை மணல், சாப்பிட ஏதாவது. என் மனைவி ஒரு போத்தலில் எள்ளுருண்டை வைத்துவிடுவாள். மைனஸ் 20இல் அது கல்லாகிவிடும், சட்டைக்குள் வைத்துச் சூடாக்கித்தான் கடிக்கவேண்டும். சொக்கலேட் வைப்பவர்களும் அதே பாடுதான் படுகிறார்கள். தண்ணீர்ப் போத்தலை நிரம்ப நிரப்பாதீர்கள், உறைந்தால் வெடிக்கும். தாகத்துக்குப் பனியை அப்படியே விழுங்கக்கூடாது, அதை உருக்கும் சூட்டை உங்கள் உடம்புதான் கொடுக்கவேண்டியிருக்கும்.

வீட்டுக்குள் வரும் ஆபத்து

வீட்டில் இருந்துவிட்டோம், இனிப் பயமில்லை என்றால், பாதி உண்மை.

புதிதாக வந்தவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி: “எங்கட வீட்டுச் சூடு காஸிலதானே ஓடுது, கரண்ட் போனா என்ன?” போனால் சூடும் போகும். பேஸ்மென்டில் இருக்கும் ஃபர்னஸ் காஸை எரித்துச் சூடாக்கினாலும், அந்தச் சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறியும், எப்போது எரி எப்போது அணை என்று சொல்லும் மின்பலகையும் மின்சாரத்தில் ஓடுபவை.

2013 டிசம்பர் 21, 22இல் ரொறன்ரோவில் அதுதான் நடந்தது. அது பனிப்புயல் இல்லை, உறைமழை. மழையாக விழுந்து தொட்ட இடத்தில் கண்ணாடியாக உறைந்தது. கிளைகள் பாரம் தாங்காமல் மின்கம்பிகளின் மேல் முறிந்தன. நகரத்தில் மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. சிலருக்குக் கிறிஸ்மஸ் கழிந்தும் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு நான்காம் நாள் வந்தது.

அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து பெரியப்பா வந்து நின்றிருந்தார். இரண்டாம் நாள் மாலை வீட்டுக்குள் 9 பாகை. நான் மேலே பிள்ளைகளுக்குப் போர்வை தேடிக்கொண்டிருந்தேன். கராஜ் கதவு சத்தம் கேட்டது. இறங்கி வந்தால், கோடையில் இறைச்சி வாட்டும் கரி அடுப்பைப் பெரியப்பா குசினிக்குள் இழுத்துக்கொண்டு நிற்கிறார். பாதிப் பை கரியும் கொட்டியாயிற்று. கையில் நெருப்புப் பெட்டி.

“பெரியப்பா, வேண்டாம்.”

“ஏன்ரா? நாங்கள் கரியிலயும் விறகிலயும் சமைச்ச சனம்தானே? புகை வராது, தணல்தானே?”

அவர் சொன்னதில் பிழையில்லை என்பதுதான் சிக்கல். ஊரில் அவர் வீட்டுக் குசினிக்குக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஓட்டுக்கூரை மூச்சுவிடும். யன்னல் எப்போதும் திறந்திருக்கும். இங்கே வீடு கட்டுவது சூடு வெளியே போகாமல் இருக்க. எனவே வாயுவும் வெளியே போகாது. புகையில்லாத தணல்தான் கார்பன் மோனாக்சைடைத் தாராளமாகக் கொடுக்கும். இரத்தத்தில் ஒக்சிஜன் உட்காரும் இருக்கையில் இது போய் அமர்ந்துகொள்ளும், ஒக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக. முதலில் தலையிடி, பிறகு தலைச்சுற்று, குமட்டல். தடிமன் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை இடித்து, ஒருவருக்கும் காய்ச்சல் சுடவில்லை என்றால் அது தடிமன் இல்லை. எல்லோரையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறி, அங்கிருந்து 911 கூப்பிடுங்கள்.

பெரியப்பா இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அதே நாட்களில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே நியூகாசில் என்ற ஊரில், கராஜுக்குள் ஜெனரேட்டர் ஓடவிட்ட ஒரு வீட்டில் இருவர் இறந்துபோன செய்தி வந்தது. அதை வானொலியில் கேட்ட பிறகு அவர் தானே போய் அடுப்பைக் கராஜின் மூலைக்குத் தள்ளிவிட்டு வந்தார். ஜெனரேட்டரைக் கராஜில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டாலும் போதாது, வெளியே, வீட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும். குசினி காஸ் அடுப்பைச் சூட்டுக்காக எரியவிடுவதும் இதே கதைதான்.

வீட்டுக்குக் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கவேண்டும். எரிபொருளில் ஓடும் சாதனமோ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளுக்கு எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் 2014இலிருந்து அது சட்டம். பேஸ்மென்ட் வாடகைக்கு எடுத்திருப்பவர்கள், அலாரம் மேல்மாடியில் மட்டும் இருக்கிறதா, உங்கள் படுக்கையறைப் பக்கமும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் சொந்தக் காசில் ஒன்று வாங்கிச் செருகுங்கள், பேட்டரியிலும் ஓடுவதாக.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. புதிய வகை ஃபர்னஸுக்குப் புகைபோக்கி கூரையில் இருக்காது. வீட்டின் பக்கச் சுவரில், இடுப்புயரத்தில் அல்லது அதற்கும் கீழே, இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை இழுக்கும், மற்றது கழிவு வாயுவைத் தள்ளும். காற்று பனியைச் சுவரோரம் ஒதுக்கும்போது முதலில் மூடுவது அவற்றைத்தான். அடைத்தால் ஃபர்னஸ் நின்றுபோகும், அல்லது வாயு உள்ளே திரும்பும். புயலுக்கு முன்பே அவை எங்கே என்று பார்த்துவைத்து, நடுவில் ஒரு இடைவெளி கிடைக்கும்போது கையால் விலக்கிவிடுங்கள்.

சூடில்லாத வீட்டில் எல்லோரும் ஒரே அறைக்கு வந்துவிடுங்கள், ஜன்னல் குறைந்த சிறிய அறையாக. கதவிடுக்கில் துவாய், ஜன்னலில் போர்வை. நாங்கள் ஆறு பேர் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தோம். பிள்ளைகளுக்கு அது திருவிழா. மெழுகுதிரியைவிட டோர்ச் நல்லது, தூக்கத்தில் தட்டுப்பட்டால் வீடு எரியும். குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட்டால் தண்ணீர் சுலபத்தில் உறையாது. வீட்டுக்குள் வரும் பிரதான தண்ணீர்க் குழாயை மூடும் திருகு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும். உறைந்த குழாய் வெடித்த பிறகு அதைத் தேடினால் காலடியில் குளம்.

சாப்பாடு மூன்று நாளைக்கு, தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லீட்டர் என்பது இங்கே சொல்லும் கணக்கு. அரிசியும் பருப்பும் மூட்டையாக இருக்கும் நம் வீடுகளில் ஒரு வேடிக்கை உண்டு: அவற்றை அவிக்கக் கரண்ட் வேண்டும். அவிக்காமல் சாப்பிடக்கூடிய பாண், பிஸ்கட், டின் மீன், அவல், பழம் என்று கொஞ்சம் இருக்கட்டும். ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் 4 மணி நேரம் தாங்கும், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம். சீனி வருத்தக்காரர் வீட்டில் இருந்தால் இன்சுலினைக் கவனியுங்கள். வெளியே குளிர்தானே என்று பனிக்குள் வைத்து அது உறைந்துவிட்டால் மருந்து கெட்டது, உருக்கினாலும் பயனில்லை. உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

உடம்பு சொல்வதும் சொல்லாததும்

உடம்பின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்குவதுதான் குளிரால் வரும் உயிராபத்து. நடுக்கம் தொடங்கும், சொல் குழறும், கால் தடுமாறும், சட்டை பொத்தான் போட விரல் கேட்காது. பார்ப்பவர்களுக்குக் குடித்தவர் போலத் தெரியும். அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் நிம்மதி அடையாதீர்கள். நடுங்கக்கூடச் சக்தி தீர்ந்துவிட்டது என்று பொருள். கடைசிக் கட்டத்தில் சிலர் சூடாக இருக்கிறது என்று உடுப்பைக் கழற்றுவதும் உண்டு. ஈரத் துணியை மாற்றி, முதலில் மார்பையும் வயிற்றையும் கழுத்தையும் சூடாக்கி, சுயநினைவோடு இருந்தால் இனிப்பான சுடுபானம் கொடுத்து, 911 கூப்பிடவேண்டும். ஒரு மிடறு விஸ்கி கொடுத்தால் சரியாகும் என்று சொல்லும் மாமா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். மது தோலுக்கு இரத்தத்தை அனுப்பிச் சூடு போல உணரவைக்கும், அந்தச் சூடு உள்ளேயிருந்து வெளியே போய்க்கொண்டிருக்கும் சூடு.

விரல் நுனி, காது, மூக்கு, கன்னம் இவைதான் முதலில் உறைபவை. கையேடுகளில் தோல் சிவந்து பிறகு வெளுக்கும் என்று எழுதியிருக்கும். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு பெரும்பாலும் தெரியாது. சாம்பல் பூத்தது போல, மெழுகு தடவியது போல ஒரு திட்டு, தொட்டால் மரத்துப்போனது, இதைத் தேடுங்கள். பனியைப் போட்டுத் தேய்க்கக்கூடாது, தேய்க்கவே கூடாது. உடம்புச் சூட்டளவு, அதாவது 37 முதல் 39 பாகைத் தண்ணீரில் வைக்கவேண்டும். மரத்த விரலுக்குக் கொதிப்புத் தெரியாது என்பதால் தண்ணீரை இன்னொருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும், குழந்தையைக் குளிப்பாட்டும்போது பார்ப்பது போல.

உடுப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: உடம்போடு ஒட்டிய உடுப்புப் பருத்தியாக இருக்கவேண்டாம். வேர்வையை உறிஞ்சி ஈரமாக வைத்திருந்து குளிரைக் கூட்டும். மற்றதெல்லாம் கடைக்காரரே சொல்லித் தருவார்.

என் இரண்டாவது குளிர்காலத்தில் ஒருநாள் இரவு, குப்பைப் பையை வெளியே வைக்க ஒரு நிமிஷம்தானே என்று சாரமும் செருப்புமாக இறங்கினேன். காற்று கதவை அடித்துச் சாத்தியது. தானாகப் பூட்டும் கதவு. உள்ளே மனைவி தலை காயவைக்கும் மெஷின் சத்தத்தில். நான் அடித்த அடியில் பக்கத்து வீட்டு நாய்தான் முதலில் எழுந்தது. ஆறு ஏழு நிமிடம் இருக்கும். கதவு திறந்தபோது “திறப்பு” என்று சொல்ல வாயெடுத்து, சொல் வரவில்லை, தாடை இறுகியிருந்தது. அன்றிலிருந்து எந்த ஒரு நிமிஷத்துக்கும் ஜாக்கெட், சப்பாத்து, பையில் திறப்பு.

பனி அள்ளுவது

புயல் ஓய்ந்தது. வானம் நீலம், வெயில் பளீரென்று. ஆண்கள் மண்வெட்டியோடு இறங்கும் நேரம் இது. என்னைக் கேட்டால் புயலைவிட இந்தக் காலைதான் நம் சமூகத்துக்கு ஆபத்து.

கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவப் பதிவுகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். 20 செ.மீ. பனி விழுந்ததற்கு மறுநாள் ஆண்கள் மாரடைப்பால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 16 சதவீதமும், மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு 34 சதவீதமும் கூடியிருந்தது. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதே நேரம் கைகளால் பாரம் தூக்கி, மூச்சைப் பிடித்து வீசுகிறோம். இதயத்துக்கு இரண்டு பக்கமும் இடி. தெற்காசியர்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிட இள வயதில் வருகிறது என்பதும், சீனி வருத்தம் நம்மிடையே அதிகம் என்பதும் தெரிந்த செய்தி. வருடம் முழுவதும் நாற்காலியில் இருந்துவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் ஒரு கோப்பி குடித்துவிட்டுப் பனியோடு சண்டைக்குப் போவது வீரம் இல்லை.

தூக்காமல் தள்ளுங்கள். பனி விழ விழ, இரண்டு மூன்று தடவையாக, கொஞ்சம் கொஞ்சமாக. நகராட்சி வண்டி வீதியைத் துப்புரவாக்கிப் போகும்போது உங்கள் ட்ரைவ்வே வாசலில் ஒரு வரப்பு போட்டுவிட்டுப் போகும். உப்பும் தண்ணீரும் கலந்து இறுகிய அந்த வரப்புத்தான் எல்லாவற்றிலும் பாரம். முழுவதையும் முடித்துக் களைத்த பிறகு கடைசியாக அதோடு மல்லுக்கட்டுகிறோம், எதிர்வீட்டுக்காரர் பார்க்கிறார் என்பதால் நிறுத்துவதும் இல்லை. நெஞ்சிலோ தாடையிலோ இடது தோளிலோ ஒரு அழுத்தம் வந்தால் மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போய் 911 கூப்பிடுங்கள். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள், இதய மருந்து எடுப்பவர்கள், தெருவில் ஒரு இளம்பொடியனுக்கு இருபது டொலர் கொடுப்பது மேல்.

அள்ளிய பனி தெருவோரம் மலையாகும். பிள்ளைகளுக்கு அதைக் கண்டால் குடைந்து குகை செய்யவேண்டும். என் மகன் ஆறு வயதில் தோளளவு உள்ளே போய்விட்டான், வெளியே ஒரு சிவப்புச் சப்பாத்து மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வீதியில் பனி தள்ளும் வண்டியின் எச்சரிக்கைச் சத்தம் கேட்டது. அந்த ஓட்டுநருக்குப் பனிமேட்டுக்குள் பிள்ளை இருப்பது தெரிய வழியே இல்லை. மேடே இடிந்து விழுந்தாலும் உள்ளிருப்பவர் கத்துவது வெளியே கேட்காது. சப்பாத்தைப் பிடித்து இழுத்து எடுத்தேன். அழுதான். பின்முற்றத்தில், வீதியிலிருந்து தள்ளி, கூரையில்லாத கோட்டை ஒன்று கட்டித் தருவதாகச் சொல்லிச் சமாதானம் பண்ணினேன். கட்டி முடிக்கும்போது இருட்டிவிட்டது, வாளியால் அச்சு எடுத்து நான்கு மூலையிலும் நான்கு கோபுரம்.